360 கிலோமீட்டர் எவ்வளவு தொலைவு?

கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவின் தென்கரையில், கிரைஸ் ஃபியோர்ட் என்றொரு சிற்றூர் உண்டு. இனூயிட் மக்கள் அதை ஔயுயித்துக் என்கிறார்கள்; ஒருபோதும் உருகாத இடம் என்பது அதன் பொருள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்பவர்கள் 144 பேர். அதற்குக் கிழக்கே, சற்று வடக்காகச் சாய்ந்து, கடலுக்கு அக்கரையில் கிரீன்லாந்தின் கானாக் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே அறுநூற்றுச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். இரண்டு ஊர்களிலும் விமான நிலையம் இருக்கிறது. இரண்டுக்கும் உலக விமான நிலையங்களின் பட்டியலில் மூன்றெழுத்துக் குறியீடும் இருக்கிறது. ஆகவே தொலைவு கணக்கிடும் கருவி எதிலும் இவ்விரு பெயர்களையும் இட்டால் உடனே விடை வந்துவிடும்: ஏறத்தாழ 360 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி.

முதல் எண் பிழையற்றது. இரண்டாவது எண் பொய். ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது இரண்டாவது அல்ல, முதலாவதுதான். கணிதப்படி சரியான ஓர் எண் ஒரு நிலப்பரப்பின் உண்மை முழுவதையும் மறைத்துக்கொண்டு நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

எண் எப்படிக் கிடைக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் ஒரு வில். அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைக் கொண்டு பள்ளிக்கூடத்துக் கோணவியலிலேயே அதைக் கணக்கிட்டுவிடலாம். கிரைஸ் ஃபியோர்டுக்கும் கானாக்குக்கும் இடையே பதின்மூன்றரைப் பாகை தீர்க்கரேகை வேறுபாடு. நிலநடுக்கோட்டில் இது 1,500 கிலோமீட்டர் ஆகும். ஆனால் 77 பாகை வடக்கில் தீர்க்கரேகைகள் நெருங்கி வந்துவிடுகின்றன. அங்கே ஒரு பாகை என்பது 25 கிலோமீட்டர்தான். நம் வகுப்பறைச் சுவர்களில் தொங்கும் மெர்காட்டர் வரைபடம் இதற்கு நேர்மாறாக, அந்த வடபுலத்தை நான்கு மடங்குக்கு மேல் இழுத்து நீட்டிக் காட்டும். (அந்த வரைபடத்தில் ஆப்பிரிக்காவுக்கு நிகராக விரிந்து கிடக்கும் கிரீன்லாந்து, உண்மையில் ஆப்பிரிக்காவின் பதினான்கில் ஒரு பங்கு.) வரைபடம் விலக்கி வைத்த இரு ஊர்களைக் கணிதம் அருகருகே கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த அளவில் கணிதத்துக்கு நன்றி சொல்லலாம்.

நன்றி அத்துடன் நிற்கட்டும். ஒரு மணி நேரம் என்ற விடை எங்கிருந்து வருகிறது? மணிக்கு 800 கிலோமீட்டர் என்று ஒரு ஜெட் விமானத்தின் வேகத்தை வைத்துக்கொண்டு வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணியைக் கூட்டுகிறார்கள். கிரைஸ் ஃபியோர்டின் ஓடுபாதை சரளைக்கல் பாவிய ஒரு குறுந்துண்டு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். ஜெட் விமானம் அங்கே இறங்காது. இறங்குவது ட்வின் ஆட்டர். 1965இல் முதன்முதலாகப் பறந்த, பத்தொன்பது பேர் வரை அமரக்கூடிய, இரண்டு சுழலிகள் கொண்ட கனடிய விமானம் அது. குறுகிய தரையிலும் பனியிலும் சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு இறங்கும். அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவு. கானாக்கின் ஓடுபாதை 900 மீட்டர், அதுவும் சரளைதான். ஆக, பறந்தால் ஒன்றே கால் மணி, காற்று எதிர்த்தால் ஒன்றரை மணி.

பறந்தால் என்றேன். அப்படியொரு விமானம் இல்லை. இவ்விரு ஊர்களுக்கும் இடையே முறையான விமானச் சேவை எதுவும் கிடையாது.

அப்படியானால் ஒருவர் எப்படிப் போவார்? கிரைஸ் ஃபியோர்டிலிருந்து வெளியேற ஒரே வாயில் மேற்கே இருக்கும் ரெசலூட். 380 கிலோமீட்டர். வாரத்துக்கு ஓரிரு முறை, வானம் இடம் கொடுத்தால். அங்கிருந்து தெற்கே இக்கலூயிட், ஏறத்தாழ 1,580 கிலோமீட்டர். இக்கலூயிட்டிலிருந்து ஒட்டாவா, 2,100. அதன்பின் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கோபன்ஹேகன், நேர்க்கோட்டில் வைத்தாலும் 5,900. கோபன்ஹேகனில் விமானம் மாறி, கடந்த கடலையே மீண்டும் கடந்து கிரீன்லாந்தின் தலைநகரான நூக், 3,500க்குச் சற்று மேல். நூக்கிலிருந்து வடக்கே இலுலிசாட், 560. அங்கிருந்து கானாக், 1,080. கூட்டிப் பாருங்கள். 15,000 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 360 கிலோமீட்டரின் நாற்பத்திரண்டு மடங்கு.

நான் வேண்டுமென்றே மிக நீண்ட வழியைத் தேர்ந்துகொண்டேன் என்று யாரும் சொல்லக்கூடும். கிரீன்லாந்தின் தலைவாயில் நெடுங்காலம் கோபன்ஹேகனாகவே இருந்தது; இருந்தாலும் மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். டொரண்டோ, ஐஸ்லாந்து வழியாகச் சென்றால் 11,700 கிலோமீட்டர் அளவில் முடியும். நூக் நகரில் 2024 நவம்பர் 28 அன்று 2,200 மீட்டர் நீளமுள்ள புதிய ஓடுபாதை திறக்கப்பட்டது. அதுவரை அங்கே இருந்தது ஆயிரம் மீட்டருக்கும் குறைவான ஓடுபாதை. பெரிய விமானங்கள் எல்லாம் இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கர்கள் அமைத்த கங்கெர்லுசுவாக்கில் இறங்க, பயணிகள் சிறு விமானத்துக்கு மாறித் தலைநகரை அடைவார்கள். புதிய பாதை வந்த பிறகு 2025 கோடையில் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து நூக்குக்கு நேர்விமானம் தொடங்கியது. அந்த வழியில் 9,200. இவை எல்லாவற்றையும்விடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. இக்கலூயிட்டிலிருந்து நேரே நூக். 820 கிலோமீட்டர்தான். இரண்டும் தலைநகரங்கள், ஒன்று நூனவுட் ஆட்சிப்பகுதிக்கு, மற்றது கிரீன்லாந்துக்கு. இரு நகரங்களிலும் பெரும்பான்மையினர் இனூயிட் மக்கள். இந்தத் தடத்தில் 2012 முதல் 2014 வரை கோடைகாலத்தில் விமானம் ஓடியது, நின்றது. பத்தாண்டு கழித்து 2024 கோடையில் வாரம் ஒருமுறை என்று மீண்டும் ஓடியது. அது இருக்கும் பருவத்தில் நம் பயணி 4,400 கிலோமீட்டரில் கானாக்கை அடைந்துவிடலாம். பன்னிரண்டு மடங்குதான்!

கிலோமீட்டர் போகட்டும், நாட்கள்? வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் பறக்கும் விமானங்கள் இரு முனைகளிலும் இருக்கும்போது, எல்லாம் குறித்தபடி நடந்தாலே நான்கைந்து நாட்கள். ஓரிடத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் ஒரு வாரம் சேர்ந்துகொள்ளும். வடபுலத்தில் வானிலையால் தாமதம் என்பது செய்தியே அல்ல, அது அன்றாட நடப்பு.

கடிகாரத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். பதின்மூன்றரைப் பாகை தீர்க்கரேகைக்குச் சூரியன் எடுத்துக்கொள்ளும் நேரம் 54 நிமிடம். ஆகவே இயற்கையின் கணக்குப்படி கானாக், கிரைஸ் ஃபியோர்டைவிட ஒரு மணிக்கும் குறைவாகவே முந்தியிருக்க வேண்டும். கடிகாரங்களோ மூன்று மணி நேரம் விலகி நிற்கின்றன. கிரீன்லாந்து 2023இல் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. ஐரோப்பாவோடு அலுவல் நேரம் கூடுதலாகப் பொருந்தட்டும் என்பது நோக்கம். ஆக, அந்த மூன்று மணியில் ஏறத்தாழ ஒரு மணி சூரியனுடையது, மற்ற இரண்டு மணியும் அரசாங்கங்களுடையவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கானாக்குக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் பிடுஃபிக் என்ற அமெரிக்க விண்வெளிப்படைத் தளம் இருக்கிறது. தீர்க்கரேகை ஏறத்தாழ ஒன்றேதான். ஆனால் அந்தத் தளத்தின் கடிகாரம் கானாக்கின் கடிகாரத்துக்கு இரண்டு மணி பின்தங்கி ஓடுகிறது. ஊர்க்காரர்களுக்கு டென்மார்க்கை நோக்கிய நேரம், படைவீரர்களுக்கு அமெரிக்காவை நோக்கிய நேரம். குளிர்காலத்தில் அந்த நிலத்தில் மூன்று மாதங்களுக்கு மேல் சூரியன் எழுவதே இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நண்பகல் என்பதை அங்கே யார் தீர்மானிக்கிறார்கள் என்பது தெளிவாகிவிடும்.

இங்கே ஒருவர் மறித்துக் கேட்கலாம்: நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஓர் ஊரிலிருந்து அறுநூறு பேர் வாழும் இன்னோர் ஊருக்கு எதற்காக விமானம்? யார் போகப் போகிறார்கள்? நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்ல, விமானம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால் அங்கே யார் போனார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்ஸ்மியர் தீவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே உள்ள ஸ்மித் நீரிணை குளிர்காலத்தில் உறைந்து பாலமாகிவிடும். கானாக் வட்டாரத்து மக்களை இனுஹுயிட் என்பார்கள். அவர்கள் நாய்ச்சறுக்கு வண்டிகளில் அந்தப் பனிப்பாலத்தைக் கடந்து எல்ஸ்மியரில் கத்தூரி எருமையும் வெண்கரடியும் வேட்டையாடித் திரும்புவது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கில்லர்சுவாக் என்ற பெருமந்திரவாதி பாஃபின் தீவுப் பகுதியிலிருந்து தம் கூட்டத்தாருடன் புறப்பட்டார். வடக்கே தமக்கு முன்பின் தெரியாத தம் இனத்தார் வாழ்கிறார்கள் என்று திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்களும் கடலோடிகளும் சொன்ன செய்தியே தூண்டுதல். பாதிப்பேர் வழியிலேயே திரும்பிவிட்டார்கள். எஞ்சியவர்கள் பல ஆண்டுகள் பனியில் நடந்து 1860களில் கிரீன்லாந்தை அடைந்தார்கள். அங்கே இருந்தவர்கள் முன்னொரு காலத்துக் கொள்ளைநோயில் மூத்தோரை இழந்து, கயாக் படகு கட்டும் கலையையும் வில் செய்யும் கலையையும் மீன்குத்தும் ஈட்டியையும் மறந்திருந்தார்கள். வந்தவர்கள் அவற்றைத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். பின்னர் ஊர் திரும்பும் ஏக்கத்தில் புறப்பட்ட கில்லர்சுவாக் வழியில் இறந்தார். உடன் சென்றவர்களில் பலரும் பட்டினியில் மடிந்தார்கள். ஒரு காப்பியத்துக்கு வேண்டிய அனைத்தும் இந்த வரலாற்றில் இருக்கிறது.

இலக்கியம் படிக்கும் நமக்கு இன்னும் நெருக்கமானவர் க்னூட் ரஸ்முஸ்ஸன். இலுலிசாட்டில் 1879இல் பிறந்தவர். கிரீன்லாந்து மொழியைப் பிள்ளைப்பருவத்திலேயே பேசி வளர்ந்தவர். 1921இலிருந்து 1924 வரை அவர் நடத்திய ஐந்தாம் தூலே பயணத்தில் நாய்ச்சறுக்கு வண்டியிலேயே கனடாவின் வடகரை முழுவதையும் கடந்து அலாஸ்கா வரை போனார். உடன் சென்றவர்கள் அர்னாருலுங்குவாக் என்ற பெண்ணும் காவிகர்சுவாக் என்ற இளைஞரும், இருவருமே இனுஹுயிட். வழிநெடுக இனூயிட் பாடல்களையும் கதைகளையும் எழுதிக்கொண்டார். கிரீன்லாந்தின் பேச்சைக் கொண்டே அலாஸ்கா வரை அவரால் உரையாட முடிந்தது என்பதுதான் அப்பயணத்தின் பெருவியப்பு. பெரிங் நீரிணையைத் தாண்டி சைபீரியாவில் கால்வைத்தபோது மட்டும் உரிய அனுமதிச்சீட்டு இல்லை என்று சோவியத் அதிகாரிகள் உடனே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பனியும் பசியும் இருளும் நிறுத்தாத ஒருவரை நிறுத்தியது ஒரு தாள்!

அந்தத் தாள் எல்ஸ்மியருக்கும் வந்து சேர்ந்தது. கிரீன்லாந்துக்காரர்கள் தம் தீவில் கத்தூரி எருமைகளைக் கொல்கிறார்கள் என்று கனடா டென்மார்க்கிடம் முறையிட்டது. 1922இல் எல்ஸ்மியரின் தென்கரையில் கிரெய்க் துறையில் காவல் நிலையம் ஒன்றை நிறுவியது. காவலர்களுக்குப் பனியில் வண்டியோட்டத் தெரியாது. ஆகவே வழிகாட்டவும் வேட்டையாடவும் கிரீன்லாந்திலிருந்தே இனுஹுயிட் ஆட்களை அமர்த்திக்கொண்டார்கள். யாரைத் தடுக்கக் காவல் வைத்தார்களோ அவர்களைக் கொண்டே காவல் நடந்தது.

பிறகு வந்தது 1953. இந்த ஆண்டை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கனடிய அரசு அவ்வாண்டு கோடையில் கியூபெக்கின் வடபகுதியில் இருந்த இனுக்ஜுவாக்கிலிருந்து சில இனூயிட் குடும்பங்களைக் கப்பலேற்றியது. வேட்டை விலங்கு மிகுந்த நல்ல இடத்துக்குப் போகிறீர்கள், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளில் திரும்பி வரலாம் என்று சொல்லப்பட்டது. 2,000 கிலோமீட்டர் வடக்கே, அவர்கள் கண்டேயிராத நெடும் இருளுக்குள், கூடாரங்களோடு இறக்கிவிடப்பட்டார்கள். எல்லோரும் ஓரிடத்தில் சேர்ந்து இருக்கப்போவதில்லை, பிரித்துவிடப் போகிறார்கள் என்பது கப்பலில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு பகுதியினர் ரெசலூட்டில், மற்றொரு பகுதியினர் கிரெய்க் துறைக்கு அருகே. கிரைஸ் ஃபியோர்ட் என்னும் ஊர் இப்படித்தான் உண்டாயிற்று. திரும்ப அழைத்துச் செல்லும் வாக்குறுதி காற்றோடு போயிற்று. வடதீவுகளில் ஆள்நடமாட்டம் காட்டித் தன் இறையாண்மையை நிலைநாட்டுவதும் ஒரு நோக்கமாக இருந்தது என்று 1994இல் அரச ஆணையம் தன் அறிக்கையில் கூறியது. மனிதக் கொடிக்கம்பங்கள் என்ற பெயர் அம்மக்களுக்கு நிலைத்துவிட்டது. 2010 ஆகஸ்டில் கனடிய அரசு மன்னிப்புக் கேட்டது.

அதே 1953இல், மே மாத இறுதியில், நீரிணைக்கு அப்பால் இன்னொரு வெளியேற்றம் நடந்தது. அமெரிக்கர்கள் 1951இல் கட்டத் தொடங்கிய தூலே விமானத்தளத்தை விரிவாக்க வேண்டியிருந்தது. உம்மன்னாக் என்ற தம் பழைய ஊரிலிருந்து இனுஹுயிட் குடும்பங்கள் சில நாள் கெடுவில் வெளியேற்றப்பட்டார்கள். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வடக்கே அவர்களுக்கென்று உண்டானதுதான் இன்றைய கானாக். கிரீன்லாந்தைக் குடியேற்றநாடு என்ற நிலையிலிருந்து உயர்த்தி டென்மார்க்கின் சம உறுப்பாக்கிய புதிய அரசியலமைப்பு அதே ஆண்டு ஜூன் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. சமம் ஆவதற்குச் சில நாட்கள் முன்பாகவே காரியத்தை முடித்துவிட்டார்கள். 1999இல் டென்மார்க்கின் உயர்நீதிமன்றம் அது கட்டாய வெளியேற்றமே என்று தீர்ப்பளித்துச் சிறு இழப்பீடும் வழங்கியது; 2003இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

எனவே 360 கிலோமீட்டர் என்ற எண்ணின் இரு முனைகளும் யாருடைய முனைகள்? இரண்டு அரசுகள், ஒரே ஆண்டில், ஒரே இனத்தைச் சேர்ந்த இரு கூட்டத்தாரைப் பெயர்த்து வைத்த புள்ளிகள். தொலைவு கணக்கிடும் கருவி இந்த இரு புள்ளிகளை இயற்கையில் கிடந்த இரண்டு கற்களைப்போல் எடுத்துக்கொண்டு அவற்றுக்கிடையே நூல் பிடிக்கிறது. அந்தப் புள்ளிகள் அங்கே இருப்பதே அரசியல். அவற்றுக்கிடையே விமானம் இல்லாமலிருப்பதும் அரசியல். நடுவில் இருக்கும் எண் மட்டும் அரசியலற்றது என்று எப்படிச் சொல்வது?

யார் போகப் போகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். சந்தைக் கணக்கை நான் மறுக்கவில்லை. நாள்தோறும் விமானம் விட வேண்டும் என்றால் அது பைத்தியக்காரத்தனம். ஆனால் கிரைஸ் ஃபியோர்டுக்கும் ரெசலூட்டுக்கும் இடையே மட்டும் சந்தை எங்கே இருந்தது? ரெசலூட் 200 பேர்கூட இல்லாத ஊர். அங்கே விமானம் பறக்கிறது. ஏனென்றால் அது ஒரு நாட்டின் உள்வழி. ஊர் இருக்க வேண்டும் என்று அரசு விரும்பினால் வழியும் இருந்தாக வேண்டும். மேற்கே 380 கிலோமீட்டருக்கு விமானம் உண்டு, கிழக்கே 360 கிலோமீட்டருக்கு இல்லை. இதில் பொருளாதாரம் கொஞ்சம்தான். மீதி எல்லாம் எல்லைக்கோடு. கிரீன்லாந்திலும் நூனவுட்டிலும் ஊருக்கும் ஊருக்கும் சாலை கிடையாது. விமானம்தான் அங்கே சாலை. சாலையை யாரும் சந்தைக் கணக்குப் பார்த்து மட்டும் போடுவதில்லை.

அந்த மக்களே என்ன கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இவ்விரு கரைகளுக்கும் நடுவே, குளிர்காலத்திலும் உறையாமல் திறந்து கிடக்கும் ஒரு பெரும் நீர்ப்பரப்பு இருக்கிறது. பிக்கியலாசோர்சுவாக் என்று கிரீன்லாந்து மொழியில் பெயர். வடக்கே பனிப்பாலம் உருவாகி மிதக்கும் பனிக்கட்டிகளைத் தடுத்து நிறுத்துவதால்தான் தெற்கே இந்த நீர் திறந்திருக்கிறது. கடற்பறவைகளும் கடற்குதிரைகளும் (குதிரை அல்ல, தந்தமுள்ள வால்ரஸ்) திமிங்கிலங்களும் அங்கே பெருகுகின்றன. 1977இல் தொடங்கிய இனூயிட் வடமுனைப் பேரவை இந்த நீர்ப்பரப்புக்கென 2016இல் ஓர் ஆணையம் அமைத்தது. ஆணையத்தார் இரு கரையிலும் ஊர் ஊராகச் சென்று கேட்டார்கள். 2017இல் வந்த அறிக்கை பனிப்பாலத்து மக்கள் என்றே அவர்களைக் குறிப்பிடுகிறது. இந்த நீரை இனூயிட் மக்களே பராமரிக்க வேண்டும், இரு கரையாரும் தடையின்றிப் போய்வர வேண்டும் என்பவை அதன் முதன்மையான பரிந்துரைகள். 2001க்குப் பிறகு எல்லைக் கெடுபிடிகள் இறுகியதில், முன்பு வண்டி பூட்டிக்கொண்டு போய்வந்த உறவினர்கள்கூட முறையான நுழைவிடம் வழியாகத்தான் வர வேண்டும் என்றாகிவிட்டது. முறையான நுழைவிடம் என்பது பெரிய விமான நிலையம். ஆகவேதான் அந்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். இதற்கிடையே பனிப்பாலமும் நம்பத்தக்கதாக இல்லை. 2007இல் அது உருவாகவே இல்லை. கடவுச்சீட்டு அடைத்த வழியை வெப்பமடையும் கடலும் சேர்ந்து அடைக்கிறது.

அரசுகளுக்கு மனம் இருந்தால் வழி இருக்கிறது என்பதற்கும் சான்று பக்கத்திலேயே உண்டு. கானாக்குக்கு வடக்கே நீரிணையின் நடுவில் ஹான்ஸ் தீவு என்ற, ஒன்றே கால் சதுரக் கிலோமீட்டர் அளவுள்ள மொட்டைப்பாறை இருக்கிறது. இனுஹுயிட் மக்கள் அதை டார்டுபாலுக் என்பார்கள். அது யாருக்கு என்று கனடாவும் டென்மார்க்கும் பல ஆண்டுகள் பிணக்கிட்டன. ஒரு தரப்பு கொடி நட்டு ஒரு புட்டி விஸ்கி வைத்துவிட்டுப் போகும், மறுதரப்பு வந்து அதை எடுத்துக்கொண்டு தன் கொடியையும் தன் நாட்டுச் சாராயத்தையும் வைக்கும். உலகப் பத்திரிகைகள் இதை ரசித்து எழுதின. 2022 ஜூன் 14 அன்று தீவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு உடன்பாடு கண்டார்கள். வட்டாரத்து இனூயிட் மக்கள் தீவுக்கு வழக்கம்போல் போய்வரலாம் என்பதும் உடன்பாட்டில் உண்டு. ஆள் வாழாத பாறைக்குத் தங்குதடையற்ற போக்குவரத்து! ஆள் வாழும் இரண்டு ஊர்களுக்கு இடையே?

பழைய இனூயிட் வழக்கில் பயணத் தொலைவை உறக்கங்களால் எண்ணுவார்கள். அந்த ஊர் மூன்று உறக்கத் தொலைவு, ஐந்து உறக்கத் தொலைவு என்று. பீட்டர் ஹோ 1992இல் எழுதிய டேனிஷ் நாவலின் நாயகியான ஸ்மில்லா இந்த அளவையைப் பற்றிப் பேசுவதை அந்நாவலைப் படித்த நண்பர்கள் நினைவுகூரலாம். பனி நன்றாக இருந்தால் உறக்கங்கள் குறையும், புயல் அடித்தால் கூடும். நமக்கும் இது புதிதல்ல. கூப்பிடு தூரம் என்கிறோம். நாழிகை வழி என்று நேரத்தால் தொலைவை அளந்த வழக்கும் தமிழில் இருந்தது. இவற்றைத் துல்லியமற்ற அளவைகள் என்று பாடநூல்கள் ஒதுக்குகின்றன. என் எண்ணம் வேறு. கூப்பிடு தூரம் என்பதற்குள் கூப்பிடுகிறவன் இருக்கிறான், கேட்கிறவன் இருக்கிறான். உறக்கம் என்பதற்குள் நாய்களும் பனியும் களைப்பும் இருக்கின்றன. கிலோமீட்டருக்குள் யாருமே இல்லை. அதனாலேயே அது எங்கும் செல்லுபடியாகிறது என்பார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். விமானிக்கு எரிபொருள் நிரப்ப அந்த எண்தான் வேண்டும். ஆனால் பயணிக்கு விடை சொல்லும் இடத்தில் அதை வைப்பது தவறு. பறக்கும் நேரம் ஒரு மணி என்று ஒரு கருவி சொல்லுமானால், அங்கே விமானம் பறக்கிறதா என்பதை முதல் வரியில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

2010 செப்டம்பரில் கிரைஸ் ஃபியோர்டிலும் ரெசலூட்டிலும் பெயர்த்து வைக்கப்பட்டவர்களின் நினைவாகக் கற்சிற்பங்கள் திறக்கப்பட்டன. கிரைஸ் ஃபியோர்டுச் சிற்பத்தைச் செதுக்கியவர் அவ்வூர்ச் சிற்பியான லூட்டி பிஜமினி. ஒரு பெண்ணும் சிறுவனும் நாயும் நிற்கிறார்கள். பெண் ரெசலூட் இருக்கும் மேற்குத் திசையைப் பார்க்கிறாள். ரெசலூட்டில் சிமியோனி அமகோவாலிக் செதுக்கிய ஆண், கிரைஸ் ஃபியோர்டின் திசையைப் பார்க்கிறான். கப்பலில் பிரிக்கப்பட்ட குடும்பங்கள் அவை. அவர்களுக்கிடையே இன்று ட்வின் ஆட்டர் பறக்கிறது. அந்த விமானங்கள் ரெசலூட்டைத் தளமாகக் கொண்டு வடதீவுகள் எங்கும் அறிவியலாளர்களையும் சரக்கையும் வாடகைக்கு ஏற்றிச் செல்பவை. கிரைஸ் ஃபியோர்டில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு கானாக்கின் 900 மீட்டர் சரளையில் இறங்குவது அவற்றுக்கு அரிய செயலே அல்ல. ஆண்டுக்கு நான்கு முறை, வேட்டைப்பருவத்தின் முன்னும் பின்னும், ஒரு விமானம் போய்வந்தால் போதும் என்பது என் கருத்து. அன்றைக்கு மட்டும் இரு முனைகளிலும் ஒரு மேசை போட்டுக் கடவுச்சீட்டில் முத்திரை குத்த ஓர் ஆளை உட்காரவைக்க வேண்டும். 1922இல் கிரெய்க் துறையில் ஆள் வைத்த அரசுக்கு அது முடியாததல்ல.